சர்வரில் கோப்பை மாற்றிய பிறகும் ஆப்பில் பழைய நீர்மட்டமே தெரிவது ஏன்?

கேள்வி: பாபநாசம், மணிமுத்தாறு அணை நீர்மட்டத்தைக் காட்டும் ஆப் இது. சர்வரில் நீர்மட்ட எண்கள் உள்ள ஜேசன் கோப்பைத் தினமும் காலையில் மாற்றுகிறோம். சில போன்களில் மட்டும் பழைய எண்ணே நிற்கிறது. கோப்பின் முகவரிக்குப் பின்னால் நேரத்தை ஒட்டி அழைத்தால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும், ஆனாலும் வேண்டாம். ஒவ்வொரு அழைப்பும் புது முகவரி என்பதால் மாறாத கோப்பும் முழுசாக இறங்கும். போனில் யாரும் திரும்பத் தொடாத பிரதிகள் குவியும்.

கோளாறு, கோப்போடு சேர்த்து சர்வர் அனுப்பும் குறிப்பான ஹெடரில்தான். கேஷ் என்பது போன் சேமித்துவைக்கும் பிரதி. அதற்கான கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் வராவிட்டால், பிரதியை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று கோப்பை வாங்கும் போனே ஊகித்துக்கொள்ளும். வழக்கமான கணக்கு, கோப்பு கடைசியாக மாறியதிலிருந்து கழிந்த காலத்தில் 10 சதவீதம். தினமும் மாறும் நீர்மட்டக் கோப்புக்கு அது இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. வெள்ள எச்சரிக்கைக்குத் தனிக் கோப்பு வைத்திருந்தால்தான் எனக்குப் பயம். 20 நாள் தொடாமல் கிடந்த அந்தக் கோப்பை ஒருவர் இன்று திறந்தால், 2 நாளைக்கு அதுவே அவர் கண்ணில் படும். அதற்குள் மழை வலுத்து தாமிரபரணியில் தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள்.

சில போன்களில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. ஐபோனில் இணையத்திலிருந்து கோப்பை எடுக்கும் யூஆர்எல்செஷன் தானாகவே கேஷ் வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அதே வேலையைச் செய்யும் ஓகேஹெச்டிடிபிக்கு நீங்களாகக் கேஷ் இணைத்தால்தான் உண்டு.

உங்கள் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால், அந்த ஜேசன் கோப்புகளுக்கு மட்டும் ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்’ என்ற ஹெடரைச் சேருங்கள். பிரதி போனில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டும். கோப்பின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் ஹெடரை என்ஜின்எக்ஸே போட்டுவிடும். கோப்பு மாறாதிருந்தால் ‘மாறவில்லை’ என்று சொல்லும் 304 என்ற சிறு பதிலோடு முடிந்துவிடும். பிரதியே வைக்காதே என்னும் நோ-ஸ்டோர் போட்டால் இந்தச் சிக்கனம் கிடைக்காது.

ஏற்கெனவே பழைய பிரதி ஒட்டிக்கொண்ட போன்களுக்கு இந்த ஹெடர் உடனே போய்ச் சேராது. அடுத்த பதிப்பில் கோப்பின் பெயரை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடத்துக்கு ஹெச்டிடிபி கேஷை நம்ப வேண்டாம். நோ-கேஷ் போட்ட பதிலை, கேஷிலிருந்தே தா என்று வற்புறுத்தினாலும் ஓகேஹெச்டிடிபி தராது, 504 என்ற பிழைதான் வரும். கடைசியாக வந்த ஜேசனை ஆப்பே தனியாகச் சேமித்து, அளந்த தேதியையும் நேரத்தையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே பெரிதாகக் காட்ட வேண்டும். பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவக் காத்திருப்பவர் நேற்றைய அளவை இன்றையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படம், வரைபடம் போன்ற பெரிய கோப்புகளுக்கு வழி நேர்மாறு. பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) சேர்த்து, மேக்ஸ்-ஏஜ் 31536000 வினாடி கொடுங்கள், அதாவது ஒரு வருஷம். புதுப் பெயரை ஜேசன் சொல்லும். படங்களை முதலில் ஏற்றுங்கள், ஜேசனைக் கடைசியில். ஜேசனையும் வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த நொடியில் கேட்டவருக்குப் பாதிக் கோப்பு போகும்.

கடைசியில் கர்ல் கட்டளையில் ‘-I’ (ஆங்கிலப் பெரிய எழுத்து ஐ) போட்டு ஹெடர்களைப் பாருங்கள். ‘ஏஜ்’ என்று ஒரு வரி வந்தால் நடுவில் சிடிஎன் (பிரதியை வைத்து வழங்கும் இடைச் சர்வர்) தன் பிரதியைத் தருகிறது. அங்கேயும் இந்தக் கோப்புக்கான கால அளவைத் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.