முதலில் விடைத்தாள், அப்புறம் வழக்கு

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அரசுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் சுயநிதிக் கல்லூரி. நன்றாக எழுதிய தாளில் ஃபெயில் என்று வந்திருக்கிறது. மறுகூட்டலுக்குப் பணம் கட்டினேன்; 'மாற்றம் இல்லை' என்றுவிட்டார்கள். நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இப்போதே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். 'நன்றாக எழுதினேன்' என்பது உங்கள் நம்பிக்கை. நீதிபதி கேட்பது, பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை.

மறுகூட்டலில் உங்கள் விடையை யாரும் புதிதாகப் படித்து மதிப்பெண் போடுவதில்லை. போட்ட மதிப்பெண்கள் சரியாகக் கூட்டப்பட்டனவா என்று பார்ப்பதோடு சரி. வேறொரு தேர்வாளர் விடைகளைப் படித்துத் திருத்துவது மறுமதிப்பீடு. அதற்கான கடைசித் தேதி முடிந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் விதிகளில் படித்துவிடுங்கள்.

தேதி போயிருந்தாலும் விடைத்தாள் நகலைக் கேட்க வழி இருக்கிறது. திருத்திய விடைத்தாள், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 'தகவல்'தான், எழுதியவர் கேட்டால் தர வேண்டும் என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விடைத்தாள் பல்கலைக்கழகத்திடம் இருப்பதால் நீங்கள் படிப்பது சுயநிதிக் கல்லூரி என்பது தடையில்லை. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு நடந்த மாதம் எழுதி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். திருத்தியவர் பெயரைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். இன்னொன்று, விடைத்தாள்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள். அழித்த பிறகு எந்தச் சட்டமும் அதைக் கொண்டுவராது.

நகல் வந்ததும் பேனாவோடு உட்காருங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவியின் தாளில் 14-ஆம் கேள்விக்கான விடை கூடுதல் தாளில் தொடர்ந்திருந்தது. அந்த மூன்று பக்கத்திலும் சிவப்பு மையின் ஒரு புள்ளிகூட இல்லை. திருத்தியவர் பக்கத்தைப் புரட்டவே இல்லை! இப்படி ஒன்று கிடைத்தால், பக்க எண்ணோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதிப் பிரச்சினைகள் இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

தீராவிட்டால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர் குழு இருக்கிறது. அதன் முடிவு ஒப்பவில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முடிவையே பாதித்த குறிப்பான முறைகேட்டையோ பாரபட்சத்தையோ காட்டாமல், மறுபடி திருத்தச் சொல்லி மட்டும் கேட்டால் அவர் மனுவை ஏற்க மாட்டார்.

கடைசியாக உயர் நீதிமன்றம், அரசமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடும்படி கேட்கும் மனு. விதியில் மறுமதிப்பீட்டுக்கு இடமில்லை என்றால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்பது 1984-இலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. 2017-இல் ரன் விஜய் சிங் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னார்கள்: விதி இல்லாத இடத்தில், விளக்கவுரை தேவைப்படாத அளவுக்குப் பிழை பளிச்சென்று தெரிந்தால் மட்டும், அதுவும் அபூர்வமாகவே நீதிமன்றம் தலையிடும். சந்தேகம் வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவர்களுக்குத்தான், மாணவருக்கு அல்ல. மாணவர்களுக்கு இது கசப்பான தீர்ப்புதான், ஆனாலும் அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வாதாட வேண்டியிருக்கிறது. ஆகவே 'ஏழு மதிப்பெண் போட வேண்டிய விடைக்கு மூன்று போட்டார்கள்' என்ற வாதம் அங்கே எடுபடாது. திருத்தாமல் விட்ட பக்கம் எடுபடும்.

இதற்கிடையில் அரியர் தேர்வுக்கான கட்டணத்தைக் கட்டி, படிக்கவும் தொடங்குங்கள். கட்டினால் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. மனு விசாரணைக்கு வருவதற்குள் அடுத்த தேர்வு போய்விட்டால் ஓர் ஆண்டு வீணாகும்.