எமரால்டு ஏன் திரும்பி வந்தது?

கேள்வி: தம்பி, வணக்கம். மகன் வேலை கிடைத்து லீட்ஸுக்குப் போய்விட்டான். சின்ன வயதில் அவன் விளையாடிய கேம்கள் இரண்டு பெட்டி நிறைய அறையில் கிடந்தன. 'விற்றுவிடுங்கோ அம்மா' என்றான். ஓர் ஏலத் தளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டேன். பிளேஸ்டேஷன் 2 ஃபீஃபா கால்பந்து டிஸ்குகள் 99 பென்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவியில் போட்டு விளையாடும் போகிமான் எமரால்டு கார்ட்ரிட்ஜ் மட்டும் 92 பவுண்ஸ் வரை ஏறியது. எடுத்தவர் காசு கட்டவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு மறுபடி போட்டேன், 71 பவுண்ஸுக்குப் போனது. பத்தாம் நாள் வாங்கியவர், 'பேட்டரி செத்துவிட்டது, இது டூப்ளிகேட்' என்று முறைப்பாடு செய்து திருப்பி அனுப்பிவிட்டார். காசையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. வந்திருப்பது எங்கள் கார்ட்ரிட்ஜ்தானா என்றும் தெரியவில்லை. ஏலம் சரிப்படாதா? அடுத்த முறை தெரிந்தவர் யாரையாவது விட்டு விலையை ஏற்றச் சொல்லலாமா? மினைக்கெட்டதுதான் மிச்சம்.
(ஹாரோவிலிருந்து ஒரு வாசகி)

அக்கா, முதலில் அந்தக் கார்ட்ரிட்ஜை எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அசல் எமரால்டின் கூடு பச்சைக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். பின்பக்கமாகப் பிடித்தால் உள்ளே வட்டமான பேட்டரியின் நிழல் தெரியும். முன்பக்க ஸ்டிக்கரில் உலோகப் பளபளப்பு இருக்கும். அதைச் சாய்த்துப் பிடித்தால், அச்சடிக்காமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று மெல்லத் தெரியும். அந்த எண் ஆலையில் பதித்தது, பெரும்பாலான போலிகளில் இருக்காது. இனி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தங்க நிறத் தொடுபட்டைகளுக்குச் சற்று மேலே, உள்ளே இருக்கும் பலகையில் 'நின்டெண்டோ' என்ற பெயர் சின்னதாக அச்சாகியிருக்கும். பின்பக்கத் திருகாணியின் தலையில் மூன்று கை பிரிந்த பள்ளம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினால் சந்தேகப்படலாம். மூன்று நான்கு பிசகினால் உங்கள் கையில் இருப்பது போலிதான்.

இதே அடையாளங்களை நீங்கள் விற்பனைக்குப் போட்ட பழைய படங்களோடு ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரின் மூலை உரிந்த விதமும் கூட்டில் இருக்கும் கீறல்களும் கைரேகை மாதிரி, இன்னொரு கார்ட்ரிட்ஜில் அப்படியே வராது. பதித்த எண் மட்டும் போதாது, ஒரே எண்ணோடு பல கார்ட்ரிட்ஜ்கள் வந்திருக்கின்றன. எண்ணும் கீறலும் சேர்ந்து ஒத்துப் போனால் மனசு ஆறுதலாகிவிடும். ஒத்துப் போகாவிட்டால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு உடனே அனுப்புங்கள். இங்கே பெரும்பாலோர் விற்பது ஈபேயில் என்பதால் அதன் விதிகளையே உதாரணமாகச் சொல்கிறேன்: தளம் தீர்ப்புச் சொல்லி மூடிய முறைப்பாட்டுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காசைத் திருப்பித் தருவதற்கு முன்பே இந்தப் படங்களைக் காட்டியிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலமாக இருந்திருக்கும். அடுத்த முறை ஏதாவது திரும்பி வந்தால், பார்சலைப் பிரிக்கும் முன் போனை நிறுத்தி வைத்து, மேலே இருக்கும் லேபிளிலிருந்து தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்.

இனி அந்தப் பேட்டரி. வாங்கியவர் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எமரால்டு ஐரோப்பாவில் வெளியானது 2005ல். உள்ளே இருக்கும் சின்ன பொத்தான் பேட்டரிக்கு அத்தனை வயசாகிவிட்டது. அது தீர்ந்த பிறகு கேமைப் போட்டால், பேட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் கடிகாரத்தை வைத்து நடக்கும் நிகழ்வுகள் இனி நடக்காது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். இன்று கைமாறும் அசல் எமரால்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சொல்கின்றன. சேமித்த ஆட்டம் அழியாது, ஏனென்றால் அது வேறொரு மெமரி சிப்பில் இருக்கிறது. ரூபி, சஃபையர் என்ற போகிமான் கேம்களிலும் இதே கதைதான். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் பேட்டரியே கிடையாது. ஆனால் அதற்கு முந்திய கோல்டு, சில்வர், கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்களில் பேட்டரி செத்தால் சேமித்ததும் சேர்ந்து போய்விடும். பெட்டியில் அவை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

போலிகளிலும் இதே செய்தி வருவதுண்டு. அதனால் அந்தச் செய்தியை வைத்து அசல், போலி என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் விளம்பரத்தில் 'எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது' என்று எழுதி, வாங்கியவர் கேமைப் போட்டதும் இந்தச் செய்தி வந்தால், 'சொன்னபடி இல்லை' என்ற அவருடைய முறைப்பாடு விதிப்படி செல்லும். பொருள் கையில் கிடைத்து 30 நாள் வரை அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. 'திரும்ப எடுக்கமாட்டோம்' என்று நீங்கள் போட்டிருந்தாலும் அது இங்கே உதவாது, திருப்பி அனுப்பும் தபால் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். இதற்கு மருந்து ஒன்றுதான். பேட்டரி தீர்ந்திருப்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், அந்தச் செய்தி தெரியும் திரையைப் படமெடுத்துப் போடுங்கள். விலை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். பழைய கேம் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், புதுப் பேட்டரி பற்றவைத்துக்கொள்வார்கள். அவர்கள் பயப்படுவது போலிக்குத்தான். எனவே வெளிச்சத்தில் பிடித்த கூடு, பதித்த எண், தொடுபட்டைகள், பின்பக்கம், கேம் ஓடும் திரை எல்லாவற்றையும் காட்டுங்கள். 24 படம் வரை காசில்லாமல் போடலாம். பெரும்பாலோர் இரண்டு படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், முறைப்பாடு வரும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

92 பவுண்ஸ் விஷயத்தில் நீங்கள் இரண்டு கிழமை காத்திருக்கத் தேவையே இல்லை. ஏலம் எடுத்தவர் நான்கு நாளுக்குள் காசு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஐந்தாம் நாள் 'பணம் கட்டவில்லை' என்ற காரணத்தைத் தெரிவு செய்து ரத்துச் செய்துவிடலாம். வேறு காரணம் போட்டால் அவர் பெயரில் அது பதியாது. ரத்துச் செய்த கையோடு, இரண்டாவதாக நின்றவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுக்க முன்வரும் வசதியும் இருக்கிறது. அவருடைய ஆசை ஆறுவதற்குள் அனுப்பிவிட வேண்டும். அமைப்புகளில் போய், அடிக்கடி காசு கட்டாமல் விட்டவர்கள் உங்கள் சாமானுக்கு விலை கேட்க முடியாதபடி தடுத்துவிடுங்கள். பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2008ல் ஈபே விதியை மாற்றியதிலிருந்து, விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்புரை எழுத முடியாது. காசு கட்டாமல் ஓடினவரைப் பற்றி ஊருக்குச் சொல்ல வழியில்லை என்பதால், இந்த ரத்துப் பதிவுதான் அடுத்த விற்பனையாளருக்கு நீங்கள் செய்யும் உதவி.

ஏலம் சரிப்படாதா என்று கேட்டீர்கள். எமரால்டுக்கு ஏலமே வேண்டாம் என்பேன். அதன் சந்தை விலை ஊரறிந்த விஷயம். தேடும்போது 'விற்றுப் போனவை' என்ற வடிகட்டியைப் போட்டால், அண்மையில் உண்மையாகக் கைமாறிய விலைகள் வரிசையாக வரும். யாரோ 180 என்று போட்டு மாதக்கணக்காக விற்காமல் கிடப்பதைப் பார்த்து விலை வைக்காதீர்கள். வெறும் கார்ட்ரிட்ஜா, பெட்டியும் கையேடும் சேர்ந்ததா என்று பார்த்து உங்களுடையதுக்குச் சமமான ஐந்தாறை எடுத்து நடு விலையை வைத்து, நிலையான விலையில் உடனே காசு கட்டும்படி போடுங்கள். காசு வந்தால்தான் விற்றதாகக் கணக்கு. காசு கட்டாமல் ஓடுகிறவர் என்ற பிரச்சினையே அதோடு முடிந்தது.

ஏலம் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் ஃபீஃபா ஏன் 99 பென்ஸில் நின்றது என்றும் புரியும். ஒருவர் 60 பவுண்ஸ் வரை தரத் தயார், இன்னொருவர் 40 வரை தயார் என்றால், விலை 40க்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவது ஆள். ஆசைப்பட்டவர் ஒருவர் மட்டுமே என்றால் அவர் மனசுக்குள் 60 வைத்திருந்தாலும் தொடக்க விலைக்கே எடுத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு வருடமும் புது ஃபீஃபா வந்தது, ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் விற்றது. 2004ம் ஆண்டின் அணிகளோடு இன்று விளையாட ஆள் குறைவு, இரண்டாவது ஆள் வருவதே அபூர்வம். பிரிட்டனில் தனியாள் விற்பனைக்கு 2024 அக்டோபரிலிருந்து ஈபே விற்பவரிடம் கட்டணம் எடுப்பதில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் எடுக்கிறது. அதோடு தபாலும் சேர்ந்தால், 99 பென்ஸ் டிஸ்குக்கு வாங்குபவர் கட்டும் காசில் பெரும் பங்கு கேமுக்கே இல்லை.

மிச்சமிருக்கும் ஃபீஃபாக்களைத் தனித்தனியாகப் போட்டு நாளை வீணாக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டாகக் கட்டி மொத்தமாக ஒரே விற்பனையாகப் போடுங்கள். இல்லையென்றால் பழைய கேம்களை வாங்கி விற்கும் சி.இ.எக்ஸ். கடையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றின் பெயரையும் தேடுங்கள், காசாகத் தந்தால் எவ்வளவு, வவுச்சராகத் தந்தால் எவ்வளவு என்று இரண்டு விலையும் போட்டிருப்பார்கள். ஏலத்தில் நல்ல நாளில் கிடைப்பதைவிடக் குறைவுதான், ஆனால் கடையில் கொடுத்தால் கொடுத்ததுதான், பத்தாம் நாள் முறைப்பாடு வராது. கடையும் வேண்டாம் என்று சொல்பவற்றைத் தொண்டு நிறுவனக் கடைக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து உள்ளே அந்த டிஸ்க்தான் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். பிள்ளைகள் மாற்றி வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. ஃபீஃபா பெட்டிக்குள் எவரும் தேடும் அரிய கேம் ஒன்று கிடந்து, அதை 99 பென்ஸுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டிஸ்க் விற்கும்போது கீறலை மறைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறலை இயந்திரம் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. மெனு வந்ததும் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாமல் ஓர் ஆட்டம் முழுதாக ஓட விட்டுப் பாருங்கள். அட்டையில் இலவசக் குறியீடு ஏதாவது தந்திருந்தால், அதைப் பயன்படுத்தியாயிற்று என்று எழுதிவிடுங்கள். பெட்டியில் பிசி கேம்கள் இருந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். 2004ல் ஹாஃப்-லைஃப் 2 என்ற கேம், ஸ்டீம் என்ற இணையக் கேம் தளத்தின் கணக்கோடு கட்டிப்போட்டு வந்தது, பிறகு பல பிசி கேம்களும் அதே வழியில் போயின. மகனின் கணக்கில் ஒருமுறை பதிந்த சாவி இன்னொருவருக்கு வேலை செய்யாது, டிஸ்கைத்தான் விற்பீர்கள், கேமை விற்க முடியாது.

பொதி செய்வதும் ஒரு வேலைதான். பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்குள் டிஸ்க் நடுப் பிடியிலிருந்து கழன்று வழியெல்லாம் உருண்டு கீறிக்கொள்ளும். டிஸ்கின் மேல் ஒரு டிஷ்யூவை மடித்து வைத்து மூடினால் அசையாது. கார்ட்ரிட்ஜைச் சின்ன ஜிப் பையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்து ஒட்டி, அதன்பிறகு குமிழி உறைக்குள் போடுங்கள். ராயல் மெயிலின் லார்ஜ் லெட்டர் அளவு 2.5 சென்டிமீட்டர் தடிப்பு வரை, 750 கிராம் வரை. ஒரு கேம் பெட்டி அதற்குள் அடங்கிவிடும், அதைத் தாண்டினால் பார்சல் விலை. எமரால்டு போன்ற விலை கூடிய சாமானை ட்ராக்கிங் இல்லாமல் அனுப்பவே கூடாது. கிடைக்கவில்லை என்று அவர் சொன்னால், ட்ராக்கிங்கைத் தவிர உங்கள் பேச்சுக்கு வேறு சாட்சி இல்லை.

தெரிந்தவரை விட்டு விலை ஏற்றுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள், அக்கா. தளத்தின் விதிக்கு எதிரானது என்பதோடு நிற்கவில்லை, சட்டத்துக்கும் எதிரானது. 2010ல் பிராட்ஃபோர்டில் தன் சாமானுக்குத் தானே வேறு கணக்கில் விலை கேட்டவருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அதைவிட, போட்டிக்கு வரும் மறுபக்கத்து ஆள் பெரும்பாலும் தன் சின்ன வயசைத் திரும்ப வாங்க வரும் ஓர் இளைஞன், உங்கள் மகனைப் போல. அவனிடம் அப்படிக் காசு வாங்க உங்களுக்கே மனசு வராது.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 2024லிருந்து ஒரு வருடத்தில் 30 சாமானோ அதற்கு மேலோ விற்றாலோ, 2,000 யூரோவுக்குச் சமமான தொகையைத் தாண்டினாலோ தளங்கள் வரித்துறைக்கு விவரம் கொடுக்கின்றன. கடிதம் வந்தால் பதற வேண்டாம். வீட்டில் பாவித்த சொந்தச் சாமானை விற்பதற்குப் பொதுவாக வரி கிடையாது, விற்பதற்கென்றே வாங்கி விற்றால்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

திரும்பி வந்தது உங்கள் கார்ட்ரிட்ஜ்தான் என்று தெரிந்தால், மறுபடி விற்பனைக்குப் போடுவதற்கு முன் அதை ஒருமுறை ஓட விட்டுப் பாருங்கள். மகன் சேமித்த ஆட்டம், அவன் வைத்த பெயரோடு, எத்தனை மணி நேரம் விளையாடினான் என்ற கணக்கோடு, பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எமரால்டில் ஒரே ஒரு சேமிப்புத்தான் இடம் பிடிக்கும். வாங்குபவர் தொடக்கத் திரையில் மேல் அம்பு, செலக்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, அழிக்கவா என்று கேட்பதற்கு ஆம் சொன்னால் போதும், அத்தனையும் அழிந்துவிடும். கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜும் போடக்கூடிய பழைய நின்டெண்டோ டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் கைக்கருவி ஒன்றும், டயமண்ட், பேர்ல் போன்ற டிஎஸ் போகிமான் கேம் ஒன்றும் வீட்டில் இருந்தால், அவன் வளர்த்த போகிமான்களை அந்தக் கேமுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த டிஎஸ்ஸும் உங்கள் இரண்டாவது பெட்டியில்தான் கிடக்கும் என்று நினைக்கிறேன். இன்று இரவு லீட்ஸுக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள், அவன் பதில் சொல்லும் வரை இரண்டையும் விற்பனைக்குப் போடாதீர்கள்.