அம்மாவுக்கு எலும்புப் புரை என்றால் மகளுக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

எலும்புப் புரை என்றால் எலும்பின் அடர்த்தி குறைந்து, எளிதில் முறியும் நிலை. உங்கள் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அதுவே உங்களுக்குக் கிடைத்த மரபணு ரிப்போர்ட்தான். முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃபிராக்ஸ் முறையில், பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்று தனியாகவே கேட்கிறார்கள். எச்சிலைத் துப்பி அனுப்பும் மரபணுச் சோதனைக்கு இப்போது காசைக் கொட்ட வேண்டாம்.

எங்கள் அம்மா கம்பம்மெட்டு ஏறி, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தவர். ஏலம் தூரடியில் காய்க்கும்; நாள் முழுக்கக் குனிந்தே வேலை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு கூனி, உயரம் குறைந்து, சேலை தரையில் புரளத் தொடங்கியது, தினமும் கொஞ்சம் ஏற்றிச் செருகுவார். எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டைகள் நசுங்கியிருந்தன. தோட்ட வேலைதான் காரணம் என்றது ஊர். ஆனால் தோட்டத்துப் பக்கமே போகாமல் வீட்டோடு தையல் தைத்த சித்திக்கும் அதே கூன். அம்மாச்சிக்கும் அப்படித்தான்.

எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 50 முதல் 80 சதவீதம் பரம்பரை வழி வருவது. ஆனால் அது ஒரு மரபணுவின் வேலையில்லை. பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் குதிகால் எலும்பின் அடர்த்தியை அளந்து 2019-இல் வெளியான ஆய்வு 518 மரபணு இடங்களைக் காட்டியது. அத்தனையும் சேர்ந்தே அந்த வேறுபாட்டில் சுமார் 20 சதவீதத்தைத்தான் விளக்கின.

அரிதாக ஒரே மரபணு எல்லாவற்றையும் மாற்றிவிடும். எலும்பு கட்டும் செல்லுக்கு ‘கட்டு’ என்ற உத்தரவு போய்ச் சேர எல்ஆர்பி5 என்ற மரபணு வேண்டும். அதன் இரண்டு பிரதிகளும் பழுதானால் குழந்தையிலேயே எலும்பு நொறுங்கும், பார்வையும் போகும். அதே மரபணுவில் வேறொரு மாற்றம் வந்தால் எலும்பு அசாதாரணமாக இறுகும். ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதம் இந்த உத்தரவுக்குப் பிரேக். அது பிறவியிலேயே சுரக்காத தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் எலும்பு தடித்துக்கொண்டே போனது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சில குடும்பங்களின் துயரத்திலிருந்து முளைத்த மருந்து இது. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

உங்கள் மகளுக்குப் பதினாறு என்கிறீர்கள். எலும்பு சேரும் வயது முப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால் அவள் ஓடட்டும், குதிக்கட்டும். கேழ்வரகும் பாலும் நெத்திலியும் சாப்பிடட்டும், வெயில் படட்டும். நீங்கள் மாதவிடாய் நின்றதும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். அம்மாவின் முறிவை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்கேனில் வரும் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர், எலும்புப் புரை என்று சொல்லும் மைனஸ் 2.5 வரை இறங்காவிட்டாலும், அந்தத் தகவலையும் சேர்த்து அபாயத்தைக் கணக்கிட்டு அவர் மருந்து தொடங்கச் சொல்லலாம்.