ஈசிஇ முடித்துவிட்டு ஒளி ஸ்விட்ச் ஆராய்ச்சியா?

மூன்றாம் ஆண்டு ஈசிஇ படிக்கும் மகள் கேம்பஸ் ஐடி வேலை வேண்டாம், டேட்டா சென்டரில் ஒளியைப் பாதை மாற்றிவிடும் அதிவேக ஒளி ஸ்விட்ச்சில் பிஎச்டி பண்ணுகிறேன் என்கிறாள். அது பிசிக்ஸ்காரர்கள் வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள் சார். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இந்தத் துறைக்கு ஈசிஇ ஆட்கள்தான் நிறையத் தேவை.

டேட்டா சென்டரில் ஃபைபர் வழியாக வரும் ஒளியை, ஸ்விட்ச் மின் சிக்னலாக மாற்றி, போக வேண்டிய இடம் பார்த்து, மறுபடி ஒளியாக்கி அனுப்புகிறது. இதற்கு ஏகப்பட்ட மின்சாரம் செலவாகிறது. ஒளியை ஒளியாகவே திருப்பிவிட்டால் அது மிச்சம். கூகுள் குட்டிக் கண்ணாடிகளைச் சாய்த்து இதைச் செய்கிறது. 4,096 டிபியு (கூகுளின் ஏஐ) சிப்புகள் கொண்ட அதன் ஒரு கம்ப்யூட்டரில் 48 ஒளி ஸ்விட்ச்சுகள் இருக்கின்றன. ஆனால் கண்ணாடி திரும்ப மில்லிசெகண்டுகள் ஆகும். 256 பைட் பாக்கெட்டோ, அதாவது ஒரு சின்ன டேட்டா துண்டோ, 100 கிகாபிட் வேகத்தில் சுமார் 20 நானோசெகண்டில் கடந்துவிடும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பாதை மாற்ற கண்ணாடி போதாது.

லேசரின் அலைநீளத்தை மாற்றி, சில நானோசெகண்டில் பாதை மாற்றும் அமைப்பை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். இங்கேதான் உங்கள் மகளின் பாடம் வருகிறது. பாதை மாறினால் போதாது. புதிதாக வரும் சிக்னலோடு ரிசீவர் தன் க்ளாக்கை, அதாவது பிட்டுகளை எந்தக் கணத்தில் படிப்பது என்று சொல்லும் துடிப்பை, பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்கே நேரம் போய்விட்டால் வேகமான ஸ்விட்ச் இருந்தும் பயனில்லை. லண்டனின் யுசிஎல் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் உரிய ஃபேஸை (க்ளாக் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவை) முன்கூட்டியே சேமித்து வைத்து, அந்த நேரத்தை ஒரு நானோசெகண்டுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அவள் பாடத்தில் வரும் பிஎல்எல் (வரும் சிக்னலோடு க்ளாக்கைப் பூட்டும் சர்க்யூட்) சமாசாரம்தான் இது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிஎச்டி ஐந்து வருடம் பிடிக்கும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. ஐடியைவிட வேலைகள் எண்ணிக்கையில் குறைவு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் பெங்களூரு தேஜஸ் நெட்வொர்க்ஸ் மாதிரி ஃபைபர் கருவி செய்யும் நிறுவனங்களும் சிப் நிறுவனங்களும் லேபில் கைபழகியவர்களைத் தேடுகின்றன. பிஎச்டி முடித்தால் வாத்தியார் வேலை மட்டும்தான் என்பது சரியில்லை.

அதனால் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வையும் எழுதட்டும், கேம்பஸுக்கும் போகட்டும். அவளுக்கே தயக்கம் இருந்தால், ஐஐடி லேப் ஒன்றில் ஒரு வருடம் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகச் சேரட்டும். சம்பளமும் வரும், இந்த வேலை பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் (சிப்புக்குள்ளேயே ஒளியைக் கையாளும் துறை) என்றால் ஐஐடி மெட்ராஸ் பக்கத்திலேயே இருக்கிறது. கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸுக்கென்றே தனிப் பள்ளி உண்டு.

கல்லூரிப் பெயரைவிட கைடு முக்கியம். சேருமுன் லேபுக்கு நேரில் போய் அங்குள்ள சீனியர்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஆசிலோஸ்கோப்பும் லேசரும் மாணவர் கைக்கு வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கும்? இங்கே முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு லேப் பார்க்கலாம்.