கசப்பா, துவர்ப்பா?

கேள்வி: லோங்ஜிங், தியேகுவான்யின் ஆகிய இரு சீனத் தேயிலைகளை வாங்கிப் பருகினேன். முதலாவதில் வறுத்த செஸ்ட்நட் கொட்டையின் மணமும், இரண்டாவதில் ஆர்க்கிட் மலரின் மணமும் இருப்பதாக எழுதுகிறார்கள். எனக்கோ இரண்டுமே கசந்தன. குறை என் நாக்கிலா, தயாரிக்கும் முறையிலா?

பதில்: உங்கள் நாக்கைச் சந்தேகிக்க வேண்டாம், நீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் முதலில் பாருங்கள். ஹாங்சோ நகரை ஒட்டி விளையும் லோங்ஜிங், இளந்தளிர்களைச் சூடான வாணலியில் அழுத்தி வாட்டிச் செய்யும் பச்சைத் தேயிலை. அதில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுவிட்டால், காஃபீனும், கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின்கள் என்னும் பொருள்களும் மிகுதியாக இறங்கி, தியானின் என்னும் அமினோ அமிலம் தரும் மெல்லிய சுவையை மூழ்கடித்துவிடும். 80 டிகிரி நீரும் இரண்டு நிமிடமும் அதற்குப் போதும். ஃபூஜியான் மாநிலத்தின் அன்ஷி பகுதியைச் சேர்ந்த தியேகுவான்யினோ இறுகச் சுருட்டப்பட்ட ஊலாங், அதாவது பச்சைத் தேயிலைக்கும் கருந்தேயிலைக்கும் இடைப்பட்ட வகை. நீர் ஏறக்குறைய கொதிநிலையில் இருந்தால்தான் அந்த உருண்டைகள் நன்றாக விரியும். கைவான் எனப்படும் மூடியுள்ள கிண்ணத்தில் 100 மில்லிலிட்டர் நீருக்கு 5 கிராம் இலையிட்டு, 20 நொடியில் முழுவதையும் வடித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் சில நொடிகளைக் கூட்டினால், அதே இலை ஐந்தாறு முறை சாறு தரும்.

வடித்த கையோடு மூடியைத் திருப்பி, அதன் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். ஆவி படிந்திருக்கும்போது ஒரு மணமும், மூடி ஆறிய பின் வேறொரு மணமும் எழும். சாற்றில் பிடிபடாதது பல வேளைகளில் அங்கே பிடிபட்டுவிடும்.

இனி வர்ணனைக்கு வருவோம். நீங்கள் கசப்பு என்று எழுதியது துவர்ப்பாகவும் இருக்கலாம். கசப்பு நாவில் உணரும் சுவை. துவர்ப்போ, தேயிலையின் பாலிஃபீனால்கள் (மேலே சொன்ன கேட்டகின்கள் இவ்வகையே) உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுபடும் உணர்வு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இது பெரிய வசதி. கசப்பு அடங்கியபின் தொண்டையிலிருந்து திரும்பி வரும் இனிமையைச் சீனர்கள் ஹுய்கான் என்பார்கள். விழுங்கிய உடனே அடுத்த மிடறுக்குப் போகாமல் சற்றுப் பொறுத்தால்தான் அது தெரியும். ஒரே தேயிலையை 20 நொடியும் 60 நொடியும் ஊறவைத்து அடுத்தடுத்துப் பருகிப் பாருங்கள். இந்த வேறுபாடுகளைக் கற்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

செஸ்ட்நட், ஆர்க்கிட் என்பவை எழுதியவரின் நினைவில் உள்ள மணங்கள். ஆர்க்கிட் என்று சீனர் சொல்வது அவர்கள் வளர்த்துப் போற்றும் மணமுள்ள சிம்பிடியம் வகைகளை. அந்த மலரை முகர்ந்தறியாதவர் அதைக் கோப்பையில் தேடி ஏமாறத் தேவையில்லை. லோங்ஜிங்கைப் பற்றிய என் குறிப்பேட்டில் ‘வேகவைத்த பச்சைப் பட்டாணி’ என்றுதான் இருக்கிறது. உறையில் உள்ளதைப் படிக்கும் முன், உங்கள் நினைவில் எழும் பொருளை எழுதிவிடுங்கள்.

கேள்வி: எந்த நீர் நல்லது?

பதில்: மலைநீர் முதன்மையானது, ஆற்றுநீர் அடுத்தது, கிணற்றுநீர் கடைசி என்று 8-ஆம் நூற்றாண்டிலேயே, தேநீரைப் பற்றி நூல் எழுதிய சீனர் லூ யூ தரம் பிரித்தார். நடைமுறையில், உப்புகள் குறைந்த, குளோரின் வாடையற்ற நீரே வேண்டும். கடின நீரில் சாறு மங்கி, மேலே மெல்லிய ஏடு படியும்.