சாவி சரிதான், ஹோம் டைரக்டரியைப் பாருங்கள்

வணக்கம். உபுண்டு 22.04 சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக (தொலைவிலிருந்து நுழையும் முறை), பாஸ்வேர்டு இல்லாமல் சாவிக் கோப்பை வைத்தே நுழையப் பார்க்கிறீர்கள். டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, அனுமதித்த சாவிகள் இருக்கும் ஆதரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 என்று உங்களுக்கு மட்டுமான அனுமதி கொடுத்தும் பாஸ்வேர்டு கேட்கிறது என்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: அப்லோடு வேலை செய்யவில்லை என்று ஹோம் டைரக்டரிக்கு (சர்வரில் உங்களுக்கான தனி ஃபோல்டர்) 777, அதாவது யாரும் எழுதலாம் என்ற அனுமதி கொடுத்தேன் என்று. கோளாறு அங்கேதான்.

எஸ்எஸ்ஹெச் சர்வரில் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும். ஹோம் டைரக்டரியில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால், உள்ளே இருக்கும் சாவிக் கோப்பை அது நம்பாது. வேறு யாராவது டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரையே மாற்றி வைத்துவிடலாம் அல்லவா? வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு பீரோவை மட்டும் பூட்டிய கதை.

உங்கள் கணினியின் பக்கம் எந்தக் காரணமும் தெரியாது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய், சர்வரின் வார் லாக் ஃபோல்டரில், உள்நுழைவுகளைப் பதியும் ஆத் டாட் லாக் கோப்பைப் பாருங்கள். டைரக்டரியின் அனுமதி சரியில்லை என்று ஒரு வரி இருக்கும். ஹோமுக்கு சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) 750 போதும். அப்லோடுக்கு ஹோமுக்கு வெளியே தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆதரைஸ்டு கீஸ் கோப்பை சூடோ (நிர்வாகி உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டு உருவாக்கியிருந்தால் உரிமையாளர் ரூட், அதாவது நிர்வாகி ஆகியிருக்கும். அதையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

முக்கியமாக, இப்போதுள்ள செஷனை மூடாமல் இன்னொரு டெர்மினலில் சோதியுங்கள். நான் மூடிவிட்டு, மறுபடி உள்ளே போக முடியாமல் மாட்டிக்கொண்டு, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கடைசி மெட்ரோவைக் கோட்டைவிட்டவன்.