ஒளிவாளும் உள்ளங்கையும்

பாடசாலை மேடையில் விண்வெளிக் கதை போடுகிறவர்கள் ஒளிவாளின் (அலகு வெளிச்சமாக ஒளிர்கிற கற்பனை வாள், லைட்சேபர்) அலகுக்கு என்ன நிறம் என்று ஒரு வாரம் சண்டை பிடிக்கிறார்கள், பிடியை மட்டும் கடைசி நாள் இரவில் செய்கிறார்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. கத்தரிச் செடி வாடுவதைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, நாங்கள் நாலு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். தண்ணீர்க் குழாய்த் துண்டு, பித்தளை நட்டு, பழைய கமராப் பாகம் எல்லாம் ஒட்டி வாள்பிடி செய்தோம். பார்க்க நல்ல வடிவாக இருக்கிறது. ஆனால் கடற்கரையில் பத்து நிமிடம் சண்டை பழகினால் பெருவிரல் அடியில் கொப்புளம் போடுகிறது. என்ன செய்யலாம்? (கல்லடி வாசகர்)

பதில்: அந்தக் கொப்புளத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், தம்பி. பல வருடத்துக்கு முன் ஒரு மேடை நாடகத்துக்கு நான் செய்து கொடுத்த பிடியில், சரியாக நடுவில், அழகுக்கென்று ஒரு குழாய் வளையம் மாட்டியிருந்தேன். ஒத்திகை முடிவதற்குள் வாள் பிடித்த பையன் கையில் கைக்குட்டை சுற்றிவிட்டான், நாடகத்தன்று அதோடேயே மேடையேறினான், சபையில் இருந்தவர்கள் அவன் காயப்பட்டிருப்பதும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து அனுதாபப்பட்டார்கள்.

1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் கதாநாயகன் கைக்கு வருகிற ஒளிவாளின் பிடி எது தெரியுமா? கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய பத்திரிகைக் கமராவின் ஃபிளாஷ் கைபிடி. உள்ளே மூன்று பெரிய டோர்ச் பற்றரி போடுகிற வெறும் குழாய். அந்தப் பற்றரியின் விட்டம் 34 மில்லிமீற்றர் அளவு, சுற்றித் தகடும் வந்துவிட்டால் வளர்ந்த ஒருவரின் கைக்குள் கச்சிதமாக அடங்கும் தடிப்பு. வேளாண்மைக் காவலுக்குப் போகிறவர்கள் பரணில் வைத்திருந்த நீள டோர்ச்சும் கிட்டத்தட்ட அதே தடிப்புத்தான், விடிய விடியக் கையில் கிடந்தாலும் உறுத்தாது. படக்காரர்கள் கைபிடிக்கென்று செய்தது, அதன் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டிகளை நீளவாக்கில் ஒட்டியதுதான். அதாவது எல்லோரும் பார்த்துப் பிரதி எடுக்கிற அந்தப் பிடியின் தடிப்பு வாளுக்காக யோசித்தது இல்லை, பற்றரிக்காக வந்தது, கைக்கும் பொருந்திவிட்டது.

உங்கள் பிடியில் கை தங்குகிற இடத்தை மட்டும் மொட்டையாக விடுங்கள். நட்டு, வளையம், கமராப் பாகம் எல்லாம் மேல் நுனிக்கும் அடி நுனிக்கும் போகட்டும். தடிப்புக்கு ஒரு கணக்கு: நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு. 18 சென்ரிமீற்றர் கைக்கு 36 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கிற 32 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் இரண்டு சுற்று எதையாவது சுற்றினால் அந்த இடத்துக்கு வந்துவிடும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்ட ஆசைப்படாதீர்கள், வெட்டியவரின் கைக்குத்தான் அது பொருந்தும், அதுவும் அவர் பிடியை ஒரு விரலளவு மேலே நகர்த்தாத வரைக்கும்.

இன்னொன்று, கொப்புளம் பெருவிரல் அடியில் வருகிறது என்றால் நீங்கள் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நசுக்கிப் பிடிக்கிறீர்கள். கென்டோ என்கிற ஜப்பானிய வாள்பயிற்சியில் முதலில் பழக்குவதே சின்ன விரலாலும் மோதிர விரலாலும் இறுக்கி, மேல் விரல்களைத் தளர்த்தி விடுவதைத்தான். இரண்டு நாள் பழகிப் பாருங்கள், பிடியை மாற்றவே தேவையில்லாமல் போகலாம்.

கேள்வி: நான் சித்திரக்கதை வரைகிறேன். என் கதையில் அலகு முழுக்க ஒளிச்சக்தி, எடையே இல்லை. அப்படியென்றால் பிடி எப்படி இருந்தாலும் பரவாயில்லைத்தானே? (மருதமுனை வாசகி)

பதில்: இல்லை பிள்ளை, அங்கேதான் பிடிக்கு வேலை கூடுகிறது. மண்வெட்டியை எடுத்துப் பாருங்கள், தலை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம், ஏனென்றால் அதன் பாரம் மணிக்கட்டை இழுக்கிறது. எடையில்லாத அலகு எதையும் இழுக்காது. இருட்டில் டோர்ச் அடிக்கிற மாதிரித்தான், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கண் பார்த்துச் சொல்ல வேண்டும், கைக்குத் தெரியாது. தொட்டதையெல்லாம் வெட்டுகிற வாள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாவிட்டால் முதலில் போவது சொந்தக் காதுதான்.

ஆகவே உங்கள் வீரன் கையில் நீளப் பிடியாகக் கொடுங்கள். இரண்டு கையும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் திசை தானாக உணர்வில் வரும். ஒரு கையால் பிடிக்கிற வாள் என்றால் பிடியை லேசாக வளைத்து வரையுங்கள். நேரான தடியை முஷ்டியில் பிடித்துப் பாருங்கள், அது மேல்நோக்கித்தான் நிற்கும், முன்னால் நீட்ட மணிக்கட்டைக் கீழே மடக்க வேண்டும், அப்படியே ஐந்து நிமிடம் வைத்திருந்தால் வலிக்கும். வாள்வீச்சு விளையாட்டில் துப்பாக்கிப் பிடி போல வளைந்த பிடி பாவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கறிக்கத்தியின் பிடி முட்டை வடிவில் இருப்பது கூர் எந்தப் பக்கம் என்று கைக்குச் சொல்லத்தான். ஒளிவாளுக்கு எல்லாப் பக்கமும் கூர், அதனால் உருளையாகவே வரையலாம். ஆனால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று விரல் தேடுமே, அதற்காக ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தட்டையாக்குவது நல்லது.

கேள்வி: நானா, எங்கட வெக்கையில கை வேர்த்து வாள் பறக்குது. போன கிழமை பக்கத்து வீட்டு ஓட்டுக்கே போயிட்டு. என்ன சுத்தலாம்? (காத்தான்குடி வாசகர்)

பதில்: ஓடு உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றிக் கொடுங்கள். பிறகு சைக்கிள் கடையில் தேய்ந்த ரியூப் ஒன்று கேளுங்கள், சும்மாவே தருவார்கள். இரண்டு விரல் அகலத்தில் நீளப் பட்டியாக வெட்டி, இழுத்து இழுத்து, ஓரம் ஒன்றின் மேல் ஒன்று ஏற, சரிவாகச் சுற்றுங்கள். பட்மிண்டன் மட்டைக்குச் சுற்றுகிற பட்டி இன்னும் சுகம், வியர்வையை உறிஞ்சும், ஆனால் காசு. வெறும் அலுமினியம் மட்டும் வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயிலில் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், அடுப்புச் சட்டி மாதிரி இருக்கும்.

ஜப்பானியர் தங்கள் வாள்பிடிக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டால் எங்கள் பக்கத்து மீன்காரருக்குச் சிரிப்பு வரும். திருக்கைத் தோல்! அதன் மேல்தான் பட்டு அல்லது பருத்தி நாடாவைக் குறுக்கும் மறுக்கும் கட்டினார்கள். அந்தத் தோலின் மணிமணியான சொரசொரப்பில் நாடா நகராது, நாடாவின் மேடுபள்ளத்தில் கை வழுக்காது. வாவிக்கரையில் இருக்கிற நாங்கள் திருக்கையைக் கறியாக்கிவிட்டு, பிடிக்கு என்ன சுற்றலாம் என்று கடிதம் எழுதுகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். (திருக்கோவில், ஒரு அம்மா)

பதில்: 25 மில்லிமீற்றர் குழாய், அதன் மேல் மெல்லிய துணிப் பட்டி. அலகுக்கு நீச்சல் குளத்தில் மிதக்கவிடுகிற நுரைக் குழல் போதும். பழைய டியூப் லைற்றை மட்டும் யாரும் அலகாக வைத்துவிட வேண்டாம் அக்கா, கண்ணாடி, உள்ளே பாதரசமும் இருக்கும்.

கேள்வி: ஒரு அங்குலப் பொலிகாபனேற் (உறுதியான கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்) குழாயில் எல்இடி போட்டு அலகு செய்தேன். பிடி பிவிசி. முன்பக்கம் பாரமாக இழுக்கிறது, மணிக்கட்டு நோகிறது. (சம்மாந்துறை வாசகர்)

பதில்: நீங்கள் செய்தது மருதமுனை வாசகியின் எடையில்லாத அலகுக்கு நேர் எதிரான வாள், எடை முழுக்க அலகில். 80 சென்ரிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் சுவரும் உள்ள அப்படிப்பட்ட குழாய் ஏறக்குறைய 140 கிராம் வரும். 28 சென்ரிமீற்றர் பிவிசி பிடி, உள்ளே இருக்கிற எல்லாவற்றோடும் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், சமநிலைப் புள்ளி பிடியின் வாயிலிருந்து ஒரு 10, 12 சென்ரிமீற்றர் வெளியே போய் நிற்கும். அதுதான் மணிக்கட்டை இழுக்கிறது. பிடியின் அடி மூடிக்குள் 200 கிராம் பாரம் வையுங்கள், புள்ளி பிடிக்குள்ளேயே வந்துவிடும். வலையில் கோர்க்கிற ஈயம் கையோடு இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம், இரும்பு நட்டுகளைத் துணியில் சுற்றி வைத்தால் போதும், கிலுங்கவும் கிலுங்காது.

பற்றரியையும் அடியிலேயே வையுங்கள். பழைய மடிக்கணினிகளுக்குள் இருந்த மாதிரி உருளை லித்தியம் செல் என்றால், அதன் மேலுறை உரசிக் கிழியாமல் ஒரு பிளாஸ்ரிக் குழலுக்குள் இறக்குங்கள். கிழிந்து உலோகத்தில் பட்டால் பிடி சூடாவது கதையில் இல்லை, கையில் நடக்கும்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுச் சின்னப்பிள்ளை விளையாட்டு. எங்கள் கூத்து வாளைப் பற்றி எழுத மாட்டீர்களா? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: சின்னப்பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது ஐயா, 2019இல் பிரான்ஸின் வாள்வீச்சுச் சம்மேளனமே ஒளிவாள் சண்டையைப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஆனால் கூத்து வாளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். காலில் சதங்கை, உடம்பில் பாரமான உடுப்பு, மத்தளத்துக்கு விட்டுக்கொடுக்காமல் இரவு முழுக்க ஆட்டம், இத்தனைக்கும் நடுவில் அந்த மரவாள் கையிலிருந்து நழுவுவதில்லை. கூத்து ஆடுகிற களரிக்குப் பின்னால் ஒருமுறை அப்படி ஒரு வாளை வாங்கிப் பார்த்தேன். பிடியில் பழைய சாரத்துணி, அதன் மேல் வலை நூல், வியர்வையில் கறுத்து கைக்கென்றே வார்த்த மாதிரி இருந்தது. கல்லடித் தம்பிமாரே, படப்பிடிப்புக்கு முன் ஒரு கூத்துக்காரரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சண்டையின் நடுவில் விரல் பட்டு வாள் அணைந்துவிடுகிறது. (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: சுவிட்சை இரண்டு மில்லிமீற்றர் உள்ளே பதியுங்கள், பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு வையுங்கள், விரல் அதைத் தடவிக் கண்டுபிடிக்கும். அதுவரைக்கும் எதிரியை நடிப்பவரிடம் சொல்லி வையுங்கள், வாள் அணைந்தால் அவரும் கொஞ்சம் திகைத்து நிற்கட்டும்.